துப்பாக்கி பிடிக்காதவன் வேட்டைச் சங்கத்துக்குச் சந்தா கட்டலாமா?

#1 · ஏரிக்கரை_சேகர் (மினசோட்டா) · ஞாயிறு, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. தூண்டில் தெரியும், அதுவும் இங்கே வந்த பிறகு பழகியது. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் பெரிய வாத்து வேட்டைக்காரர். போன சனிக்கிழமை 'டக்ஸ் அன்லிமிடெட்' அமைப்பின் ஊர்க் கிளை நடத்திய விருந்துக்கு என்னையும் மகனையும் இழுத்துக்கொண்டு போனார். நம் ஊர் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஹால். வட்ட மேசைகள், மாட்டு வறுவல், மசித்த உருளைக்கிழங்கு. ஒரு ஓரத்தில் மரத்தில் செதுக்கிய வாத்துகள், இன்னொரு ஓரத்தில் குலுக்கலுக்கு வைத்த துப்பாக்கிகள். நடுவில் ஒருவர் லாப்ரடார் நாய்க்குட்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாக நடக்கிறார்; அதற்கு ஏலம் ஏறிக்கொண்டே போகிறது. குட்டி பாட்டுக்குத் தூங்குகிறது.

நானும் உற்சாகத்தில் 40 டாலருக்குக் குலுக்கல் சீட்டு வாங்கினேன். ஒன்றும் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட ஒரே கேள்வி: "வாத்தைச் சுடறவங்களுக்கா காசு கொடுத்துட்டு வந்தீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஈரநிலத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று மேடையில் சொன்னார்கள். எதற்காக என்றால், சுடுவதற்கு வாத்து வேண்டும் என்பதற்காக. மகனுக்கு 11 வயது, அவன் வேறு "நானும் சேரட்டுமா" என்று கேட்கிறான். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · மீன்முள் (மிச்சிகன்) · ஞாயிறு, இரவு 11:05

சந்தா அப்புறம் பார்க்கலாம். முதலில் தபால் ஆபீசுக்குப் போய் 25 டாலருக்கு ஒரு வாத்து ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்காரர்களுக்கு அரசு விற்பது) வாங்குங்கள். சுட வேண்டாம், சும்மா வாங்கி வைத்துக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம் வாங்கும் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் அதைக் காட்டினால் இலவசமாக உள்ளே விடுவார்கள்.

விவரத்தை வாசன் சார் வந்து சொல்வார். அவருக்கு இந்த இழை அல்வா.

#3 · வாத்து_வாசன் (வட டகோட்டா) · திங்கள், காலை 6:20

அல்வாதான், மறுக்கவில்லை. காலை காபியோடு எழுதுகிறேன்.

சேகர், உங்கள் கேள்விக்குப் பதில் 1930களில் இருக்கிறது. மழை பொய்த்து, குட்டை குளமெல்லாம் வற்றி, வாத்துகள் அருகிப்போன காலம். அதற்கு முன்னால் நடந்தது இன்னும் மோசம். சந்தைக்காகச் சுட்டார்கள்: பீப்பாய் பீப்பாயாக வாத்தும் புறாவும் ரயிலேறிப் போயின. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறா இனத்தில் கடைசிப் பறவை மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. ஆக, "வேட்டைக்காரன் காப்பாற்றினான்" என்பதற்கு முன்னால் "வேட்டைக்காரன் தீர்த்துக்கட்டினான்" என்று ஒரு அத்தியாயம் உண்டு. எங்கள் ஆட்கள் விருந்து மேடையில் அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

1934இல் வாத்து ஸ்டாம்ப் சட்டம் வந்தது. முதல் ஸ்டாம்ப்புக்குப் படம் வரைந்தவர் ஜே 'டிங்' டார்லிங், அயோவாவின் பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட், புலிட்சர் பரிசு வாங்கியவர். சொந்தக் கட்சி வேறாக இருந்தும், ரூஸ்வெல்ட் அவரைக் கூப்பிட்டு வனவிலங்குத் துறையின் தலைமையில் உட்கார வைத்தார். அப்போது ஸ்டாம்ப் விலை 1 டாலர். 16 வயது நிரம்பியவர் வாத்து சுட வேண்டுமென்றால் அது கட்டாயம். பேனாவால் குறுக்கே கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். அந்தப் பணத்தில் டாலருக்கு 98 சென்ட் ஈரநிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கர் காக்கப்பட்டிருக்கிறது.

டக்ஸ் அன்லிமிடெட் 1937இல் பிறந்ததற்கும் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அமெரிக்கர்கள் சுடும் வாத்தில் பெரும்பங்கு கனடாப் புல்வெளிக் குட்டைகளில் பொரிப்பவை. அமெரிக்க அரசுப் பணத்தை அன்றைக்கு எல்லை தாண்டிச் செலவழிக்க வழியில்லை. சரி, தனியார் காசு போகலாமே என்று ஒரு சங்கம் கட்டினார்கள். 1938இல் மனிடோபாவின் பிக் கிராஸ் சதுப்பு நிலத்தில்தான் முதல் வேலை. வடித்து விவசாயம் பண்ணப் பார்த்து வீணாய்ப்போன நிலம் அது. மறுபடி தண்ணீரைத் தேக்கினார்கள்.

உங்கள் 40 டாலர் ஏதோ ஒரு குட்டைக்குத் தண்ணீராகப் போயிருக்கும். வீட்டில் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

#4 · தேன்மொழி_ஜே (சென்னை) · திங்கள், காலை 9:48

வாசன் சார், வரலாறு அருமை. ஆனால் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. கிடா வெட்டுவதற்காக ஆட்டை நன்றாக வளர்க்கிறவரை நாம் ஆட்டுப் பாதுகாவலர் என்று சொல்வதில்லை. வாத்துக்கு மட்டும் ஏன் விருது?

#5 · வாத்து_வாசன் · திங்கள், காலை 10:15

ஆடு கொல்லைக்குள் இருக்கிறது அம்மா. வாத்துக்கு வேண்டிய குட்டை அடுத்தவர் வயலுக்குள் இருக்கிறது. குட்டையை வடித்தால் விவசாயிக்கு இன்னும் நாலு வரிசை சோளம். வடிக்காமல் விடு, அதற்கு ஈடு நான் தருகிறேன் என்று சொல்ல ஒருவர் வேண்டும். இங்கே அப்படிச் சொல்ல வந்தவர் கையில் துப்பாக்கி இருந்தது, அவ்வளவுதான். அந்தக் குட்டையில் தவளையும் உள்ளானும்கூடத்தானே பிழைக்கின்றன?

#6 · அரைவேக்காடு · திங்கள், காலை 10:31

காட்டு வான்கோழி நாட்டுக்கோழி மாதிரி ருசியாக இருக்குமா? ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்.

#7 · மீன்முள் · திங்கள், நண்பகல் 12:10

தொடை ரப்பர். நெஞ்சுக்கறி நன்றாக இருக்கும். நண்பரிடம் குக்கரில் ஆறு விசில் வைக்கச் சொல்லவும்.

வான்கோழி என்றதும் ஞாபகம் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பல மாநிலங்களில் அடியோடு இல்லை. பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். நரிக்கு விருந்தானதுதான் மிச்சம். அப்புறம் காட்டு வான்கோழிகளையே சோளம் போட்டுக் கூட்டி, வெடிமருந்து வைத்து வலையைத் தலைமேல் பறக்கவிட்டுப் பிடித்து, பெட்டியில் போட்டு வேறு மாநிலத்துக்கு அனுப்பினார்கள். 1973இல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கியபோது நாடு முழுக்க 13 லட்சம் என்று கணக்கு. இப்போது அறுபது லட்சத்துக்கு மேல். எல்க் மானுக்கும் 1984இல் மொன்டானாவில் இப்படி ஒரு சங்கம் வந்தது.

#8 · கணக்குப்பிள்ளை (நியூஜெர்சி) · திங்கள், மாலை 7:55

சங்கங்களைப் பற்றியே பேசுகிறோம். உண்மையான பணம் வரியில் இருக்கிறது. தொழில் தோஷம், கணக்கைப் பிரித்துப் போட்டுவிடுகிறேன்.

1937 செப்டம்பரில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம். நீளத் துப்பாக்கி, தோட்டாவுக்கு 11 சதவீதம் கலால் வரி, கைத்துப்பாக்கிக்கு 10. கடை பில்லில் தெரியாது, தயாரிப்பாளர் கட்டுகிறார். இந்தத் தொகை மாநிலங்களுக்குப் பிரிகிறது: பாதி நிலப்பரப்பை வைத்து, பாதி எத்தனை பேர் வேட்டை லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்து. வேலைச் செலவில் மாநிலம் கால்பங்கு போட்டால் மத்திய அரசு முக்கால்பங்கு தரும். சட்டத்தின் சூட்சுமம் ஒரு நிபந்தனையில் இருக்கிறது: லைசென்ஸ் காசை வனவிலங்குத் துறை தவிர வேறு எதற்கும் மாநிலம் தொடக்கூடாது, தொட்டால் இந்தப் பணம் கிடையாது. ரோடு போட வனத்துறைக் காசை எடுக்கும் பழக்கம் அதோடு நின்றது.

மீனுக்கும் 1950இல் இதே மாதிரி டிங்கெல்–ஜான்சன் சட்டம். தூண்டில், ரீல், செயற்கை இரை எல்லாவற்றிலும் வரி. 1984இல் படகு பெட்ரோலையும் அதில் சேர்த்தார்கள். சேகர், நீங்கள் முதல் தூண்டில் வாங்கிய நாளிலிருந்தே சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இப்போது மறுபக்கம். துப்பாக்கி வரி சமீப ஆண்டுகளில் நூறு கோடி டாலர் அளவுக்கு வருகிறது. அதில் பெரும்பகுதி கட்டுவது வேட்டைக்காரர் இல்லை. குறிபார்த்துச் சுடுகிறவர், வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தவர். ஆகையால் "எங்கள் பணத்தில்தான் காடு நிற்கிறது" என்று விருந்தில் யாராவது முழங்கினால் கொஞ்சம் கழித்துக்கொள்ளவும்.

வேட்டையாடாதவர்கள் தரத் தயாராக இருந்த இடங்களும் உண்டு. மிசௌரி மக்கள் 1976இல் வாக்களித்து, விற்பனை வரியில் டாலருக்கு எட்டில் ஒரு சென்ட்டை வனவிலங்குக்கு ஒதுக்கினார்கள். சேகரின் மினசோட்டாவிலேயே 2008இல் அரசியலமைப்புத் திருத்தம்: விற்பனை வரியில் 100 டாலருக்கு 37.5 சென்ட் நீர், நிலம், கலைக்கு. 2034 வரை. அதைக் கொண்டுவர முன்னால் நின்று கத்தியவர்களில் வாத்துக்காரர்களும் தூண்டில்காரர்களும் நிறைய. கைதட்ட வேண்டிய இடம் எனக்கு அதுதான்.

#9 · ஏரிக்கரை_சேகர் · திங்கள், இரவு 9:30

மனைவிக்குப் பில் போட்டுக் காட்டினேன். "அப்ப மளிகைக் கடையில நானும் கட்டறேனா?" என்றார். மளிகைக்கு இங்கே விற்பனை வரி இல்லை, சோப்புக்கு உண்டு என்று சொன்னேன். முறைத்தார். முன்னேற்றம்தான்.

#10 · கோத்தகிரி_ராஜு · செவ்வாய், காலை 7:12

அமெரிக்காவையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இது நம் மலையிலும் நடந்த கதை.

1877இல் ஊட்டியில் வெள்ளைக்காரத் துரைமார் ஒரு வேட்டைச் சங்கம் தொடங்கினார்கள். சோலைக்காட்டில் கடமான் குறைகிறது, புல்மேட்டில் வரையாடு குறைகிறது, இப்படியே போனால் சுட ஒன்றும் இருக்காது என்ற கவலை. இரண்டே வருடத்தில் 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸ், வேட்டை கூடாத மாதங்கள் எல்லாம் அதில்தான். அப்புறம் அவலாஞ்சியில் டிரவுட் மீன் பொரிப்பகம் கட்டி, ஓடைகளில் விட்டு, தூண்டில் போட்டார்கள். மீனே இந்த நாட்டு மீன் இல்லை. பரவாயில்லை, துரைக்கு ஸ்காட்லாந்து ஞாபகம் வந்தால் போதும்.

வாசன் சார் சொன்ன கணக்கில் பார்த்தால் வெற்றிதான். சட்டம் இல்லாவிட்டால் நீலகிரியில் வரையாடு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். மூணாறு பக்கமும் அப்படியே: 1928இல் தேயிலைத் தோட்டக்காரர்கள் சங்கம் வைத்து இரவிகுளத்தை வேட்டை மைதானமாகக் காத்தார்கள், முதுவர் பழங்குடிகளைக் காவலுக்கு வைத்தார்கள். 1975இல் அது சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்கா ஆனபோது, உலகத்திலேயே அதிக வரையாடு அங்கேதான் நின்றது. இன்றும் ராஜமலையில் ரோட்டோரம் காலை நக்குகிற தூரத்தில் மேய்கிறது.

ஆனால் அந்த லைசென்ஸ் யாருக்குக் கிடைத்தது? துரை சுட்டால் 'ஸ்போர்ட்'. இருளரோ குறும்பரோ கண்ணி வைத்தால் திருட்டு வேட்டை. அதே கடமான், அதே சோலை. எங்கள் தாத்தா தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். துரையின் வேட்டைக்கு நாய்களைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஆட்களுக்குக் குடலும் தலையும் பங்கு வரும் என்பார். அதை அவர் பெருமையாகச் சொன்னாரா, வேறு மாதிரிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஊட்டிச் சங்கம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பெயரிலும் வேட்டையை எடுத்துவிட்டுச் சுற்றுச்சூழலைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்னாலேயே, 1963இல், சங்கத்துக்காரரான ஈ.ஆர்.சி. டேவிதார் நீலகிரி விளிம்பெல்லாம் நடந்து வரையாடுகளை எண்ணினார். நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றியும் சொல்கிறேன்.

#11 · தேன்மொழி_ஜே · செவ்வாய், காலை 8:40

ராஜு அண்ணா, நான் சொல்ல வந்ததைப் பாதி சொல்லிவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

சங்கம் யாருக்காக என்பது ஒன்று. எந்த உயிருக்காக என்பது இன்னொன்று. 2019இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கணக்கு வந்தது: 1970க்குப் பிறகு வட அமெரிக்காவில் 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன. புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் போய்விட்டன. அதே கணக்கில் நீர்ப்பறவைகளான வாத்தும் வாத்தினமும் 56 சதவீதம் கூடியிருக்கின்றன. வாசன் சாருக்கு இது சந்தோஷச் செய்தி. எனக்கு இதில் தெரிவது, சுடத்தக்க பறவைக்கு வக்கீல் இருக்கிறார், சுட லாயக்கில்லாத வானம்பாடிக்கு இல்லை என்பதுதான்.

அப்புறம் ஓநாய். 2021 பிப்ரவரியில் விஸ்கான்சினில் ஒரு வேட்டை அமைப்பு வழக்குப் போட்டு சீசனைத் திறக்க வைத்தது. மாநில வேட்டைக்காரர்களுக்கு ஒதுக்கியது 119. மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய்களைச் சுட்டுவிட்டார்கள். ஓஜிப்வே பழங்குடிகளுக்கு 81 ஒதுக்கியிருந்தது. ஓநாய் அவர்களுக்கு உடன்பிறப்பு, அதனால் ஒன்றைக்கூட அவர்கள் தொடவில்லை. தொடாமல் விட்ட பங்கையும் சேர்த்து மற்றவர்கள் தின்றுவிட்டார்கள். இதுவும் 'பாதுகாப்பு' கணக்கில் வருமா?

#12 · வாத்து_வாசன் · செவ்வாய், காலை 11:20

விஸ்கான்சினுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. வேட்டைக்காரர்களிலேயே பலருக்கு அது தலைகுனிவு.

புல்வெளிப் பறவை குறைந்தது விவசாயத்தால், பூச்சிமருந்தால். அதற்கு வாத்துக்காரனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் குத்தகைக்கு எடுத்த புல்தரையில்தான் இன்று பல குருவிகள் முட்டையிடுகின்றன. வக்கீல் இல்லை என்கிறீர்கள், சரி. பைனாகுலரும் கூடாரமும் வாங்குகிறவர்களிடம் இதே மாதிரி ஒரு வரி போடலாம் என்று 1990களில் யோசனை வந்தது. அந்தப் பொருட்களைச் செய்யும் கம்பெனிகளே எதிர்த்துக் கவிழ்த்தன. 2022இல் வேட்டைக்குச் சம்பந்தமில்லாத உயிர்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு 140 கோடி டாலர் தரும் மசோதா கீழவையில் தேறியது, செனட்டில் நின்றுபோனது. அதற்கு எங்கள் சங்கங்கள் ஆதரவு கொடுத்தன. பறவை பார்ப்பவர்கள் பணம் கட்ட வழி செய்யுங்கள், நான் முதல் ஆளாகப் பைனாகுலருக்கு வரி கட்டுகிறேன்.

#13 · சோளக்கொல்லை · செவ்வாய், நண்பகல் 1:02

எங்கள் ஊரில் காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகிறது. அமெரிக்காவில் வாத்துக்கு விருந்து வைக்கிறீர்கள். இங்கே வந்து ஒரு ராத்திரி பரண்மேல் உட்காருங்கள் சாமி

#14 · மட்டுறுத்துநர் · செவ்வாய், நண்பகல் 1:30

காட்டுப்பன்றிக்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே தொடரவும். இங்கே சங்கங்கள் மட்டும்.

#15 · மீன்முள் · செவ்வாய், மாலை 6:45

மீன்காரர்களை யாரும் கவனிக்கவில்லை. நான் இருக்கும் மாநிலத்தில்தான் 'டிரவுட் அன்லிமிடெட்' பிறந்தது. 1959, கிரேலிங் ஊர்ப் பக்கம், அவ் சேபிள் ஆற்றங்கரை. பதினாறு பேர் ஒரு வீட்டில் கூடினார்கள். அவர்கள் சண்டை பிடித்தது அரசாங்கத்தோடு, ஆனால் விஷயம் வேடிக்கையானது: "எங்களுக்கு மீன் விடாதே" என்றார்கள்!

அன்றைக்கு முறை என்னவென்றால், பண்ணையில் வளர்த்த டிரவுட்டை லாரியில் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுவது. ஜனங்கள் அடுத்த வாரமே பிடித்துத் தின்பது. ஆறு எப்படிக் கெட்டாலும் கவலையில்லை, லாரி வரும். இந்தப் பதினாறு பேர், தண்ணீரைக் குளிர்ச்சியாகவும் சுத்தமாகவும் வை, மீன் தானே வரும் என்றார்கள். லாரி மீன் தீவனத்துக்குப் பழகியது. மேலே நிழல் விழுந்தால் ஓடாது, சாப்பாடு வருகிறது என்று நினைத்து மேலே வரும். நானே பார்த்திருக்கிறேன். காட்டு டிரவுட் உங்கள் தொப்பி அசைந்தாலே காணாமல் போய்விடும்.

இன்னொரு ஆள் அலபாமாவின் ரே ஸ்காட். 1968இல் பாஸ் மீன்காரர்களுக்கு ஒரு சங்கம் வைத்தார், போட்டிகள் நடத்தினார். 1972இல் போட்டியில் பிடித்ததை உயிரோடு திரும்ப விட வேண்டும் என்று கொண்டுவந்தார். படகில் தண்ணீர்த் தொட்டி வந்தது அப்படித்தான். வியாபாரி, சந்தேகமே இல்லை. ஆனால் ஆற்றில் கழிவு விட்ட ஆலைகள்மீது வழக்கும் போட்டார்.

சொந்தக் கதை ஒன்று. வந்த புதிதில் ஒரு பாஸ் பிடித்து, படகு விளிம்பில் வைத்து விரலால் அளந்து, 14 அங்குலம் இருக்கும் என்று ஐஸ் பெட்டியில் போட்டேன். கரையில் அதிகாரி நின்றிருந்தார். வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து, பலகையில் வைத்தார். பதின்மூன்றரை. நான் "சார், காலையில் 14 இருந்தது" என்றேன். சிரிக்காமல் சீட்டு எழுதினார். அன்றிலிருந்து என் பையில் தையல்காரர் டேப் இருக்கிறது.

#16 · பவானி_கண்ணன் · செவ்வாய், இரவு 10:08

பிடித்து விடுவது என்றதும் காவிரி மகசீர் ஞாபகம் வராமல் போகாது. கர்நாடகப் பகுதிக் காவிரியில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு நீளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காத்தது; கலிபோர் பக்கம் தூண்டில் முகாம் நடந்தது. உலகம் முழுக்க இருந்து ஆள் வந்தார்கள். பிடித்து, படம் எடுத்து, திரும்ப விட வேண்டும். வெடி போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்களையே காவலாகவும் வழிகாட்டியாகவும் வேலைக்கு வைத்தார்கள். மடுவில் எங்கே மீன் படுக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

அந்த முகாமின் பதிவேடு பின்னால் பெரிய சாட்சியானது. 1998 முதல் 2012 வரை யார் என்ன பிடித்தார், எத்தனை எடை என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் புரட்டினால், மொத்த மீன் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் கூனல் முதுகு மகசீர், காவிரிக்கே உரியது, அநேகமாக மறைந்துவிட்டது. கூடியதெல்லாம் வெளியிலிருந்து பொரித்துக் கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர். நல்லெண்ணத்தோடுதான் குஞ்சு விட்டார்கள். மீன்முள் சொன்ன லாரிக் கதையின் காவிரிப் பதிப்பு.

இன்னொரு கூத்து: ஐம்பது கிலோவுக்கு மேல் போகும் என்கிற அந்தக் கூனல் மகசீருக்கு 2018 வரை சரியான அறிவியல் பெயரே இல்லை. அந்த வருடம்தான் 'டோர் ரேமாதேவி' என்று முடிவுசெய்து, அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

சரணாலயத்துக்குள் தூண்டிலும் வேட்டைதான் என்று சட்டத்தைப் படித்து, முகாமுக்கு 2012 வாக்கில் தடை வந்தது. காவல் வேலை போன ஆட்கள் என்ன செய்வார்கள், ஆற்றை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. சரணாலயத்துக்குள் பணக்காரன் பொழுதுபோக்கு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. நான் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நிற்கிறேன். பதிவேடு மட்டும் இல்லாமல் போயிருந்தால் அந்த மீன் போனதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

#17 · தேன்மொழி_ஜே · புதன், காலை 7:30

கண்ணன், இதை நான் கேள்விப்பட்டதில்லை. பதிவேட்டு விஷயத்துக்காக என் பிடிவாதத்தைக் கால்படி குறைத்துக்கொள்கிறேன். முக்கால்படி இருக்கிறது.

#18 · கணக்குப்பிள்ளை · புதன், மாலை 8:15

சேகரின் மகன் விஷயத்துக்கு யாரும் வரவில்லை. உண்மையில் சங்கங்களின் இன்றைய கவலை அவனைப் பற்றித்தான்.

1980களின் தொடக்கத்தில் நாட்டில் 1.7 கோடி வேட்டைக்காரர்கள். 2016 கணக்கெடுப்பில் 1.15 கோடி. (2022இல் கூடியதாகக் காட்டுகிறது, ஆனால் கணக்கெடுத்த முறை வேறு, ஒப்பிட வேண்டாம்.) மக்கள்தொகை கூடியதையும் சேர்த்துப் பார்த்தால் சரிவு இன்னும் ஆழம். அப்பன் கூட்டிப்போன பிள்ளைதான் வேட்டைக்காரன் ஆகிறான். அப்பன் நகரத்துக்குக் குடிபோய்விட்டான். லைசென்ஸ் குறைந்தால் அந்தப் பாதிப் பங்கும் குறைகிறது. அதனால்தான் 'புதியவரைச் சேர், இருப்பவரை விடாதே, போனவரைத் திரும்பக் கூப்பிடு' என்று ஒரே மூச்சாக இறங்கியிருக்கிறார்கள். 1937 சட்டத்தையே 2019இல் திருத்தி, ஆள் சேர்க்கவும் அந்தப் பணத்தைச் செலவிடலாம் என்று ஆக்கினார்கள்.

பெண்களுக்காக 1991இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வார இறுதி முகாம் பல மாநிலங்களுக்குப் பரவியது. பள்ளிக்கூட வில்வித்தைத் திட்டம் 2002இல் கென்டக்கியில் தொடங்கியது. இவர்கள் கூட்டத்தில் நம்மைப் போன்ற முகங்கள் மிகக் குறைவு, அதுவும் அவர்களுக்குத் தெரியும். சேகர், அந்த விருந்தில் உங்களை எல்லோரும் விழுந்து விழுந்து கவனித்திருப்பார்களே?

#19 · ஏரிக்கரை_சேகர் · புதன், இரவு 9:02

ஐயோ, ஆமாம். தலைவரே வந்து இரண்டு தடவை கைகொடுத்தார். நான் என் வசீகரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#20 · வாத்து_வாசன் · வியாழன், காலை 6:40

தேன்மொழி கால்படி இறங்கியதால் நானும் ஒன்றை இறக்கி வைக்கிறேன்.

ஈய ரவை. வாத்து வேட்டையில் சுடும் தோட்டாவில் இருக்கும் சின்ன உருண்டைகள். குறி தப்பியது எல்லாம் சேற்றில் விழும். வாத்து கல் என்று விழுங்கி, இரைப்பையில் அரைத்து, விஷமேறிச் சாகும். செத்த வாத்தைத் தின்ற வெண்தலைக் கழுகும் சாகும். இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. நாடு முழுக்க வாத்து வேட்டையில் ஈயத்துக்குத் தடை வந்தது 1991இல். அதுவரை எதிர்த்தவர்களில் எங்கள் ஆட்கள் நிறைய. எஃகு ரவை துப்பாக்கிக் குழாயைக் கெடுக்கும், வாத்தைக் காயப்படுத்தித் தப்பவிடும் என்றெல்லாம் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் மாமனார் கொடுத்த பழைய துப்பாக்கியை அதனால்தான் சுவரில் மாட்ட வேண்டியதாயிற்று.

தடை வேண்டும் என்று நீதிமன்றம் போனது தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு. அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர், அதே டிங் டார்லிங்.

#21 · மீன்முள் · வியாழன், காலை 9:10

சார், இதை நீங்கள் எழுதியதற்கு அடுத்த முறை வால்ஐ மீன் பிடித்து வறுத்துத் தருகிறேன். சேகர், பையனை எதிலும் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். ஊர்க் கிளையில் ஏதாவது கைவேலை நாள் இருக்கும், கூட்டிப்போங்கள்.

#22 · ஏரிக்கரை_சேகர் · மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8:25

போய் வந்தோம். விவரம் போட வேண்டுமே.

இன்று மரவாத்துக்கு (மரப்பொந்தில் முட்டையிடும் வாத்து) முட்டைப் பெட்டி வைக்கும் நாள். ஏரி இன்னும் உறைந்துதான் இருக்கிறது, அதனால்தான் இப்போது. கோடையில் படகு வேண்டும், இப்போது பனிமேல் நடந்தே போகலாம். மீன் பிடிக்கப் பனியில் ஓட்டை போடும் அதே துளைப்பானால் ஓட்டை போட்டு, கீழே சேற்றில் கம்பத்தை இறக்கினோம். துளைப்பானை மகன் பிடித்தான். அது அவனையும் சேர்த்துச் சுற்றப் பார்த்தது.

பெட்டி தேவதாரு மரப்பலகை. வாசல் வட்டமில்லை, முட்டை வடிவம்: 4 அங்குல அகலம், 3 அங்குல உயரம். வாத்து நுழையும், ரக்கூன் நுழையாது. கம்பத்தில் தகரக் கூம்பு, அதுவும் ரக்கூனுக்காகத்தான். உள்ளே நாலு அங்குலத்துக்கு மரச்சீவல் போட வேண்டும், ஏனென்றால் இந்த வாத்து வைக்கோல் எதுவும் கொண்டுவராது; இருப்பதன்மேலேயே முட்டையிட்டு, தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி மூடும். பொரித்த மறுநாளே குஞ்சுகள் வாசலுக்கு ஏறி வந்து குதித்துவிடுமாம். ஏறுவதற்கு வசதியாக உள்பக்கப் பலகையைச் சொரசொரப்பாக விட வேண்டும். நான் அழகாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். ஒரு எழுபது வயதுப் பெரியவர் தடவிப் பார்த்து, சிரித்துவிட்டு, உளியால் கோடு கோடாகக் கீறிக் கொடுத்தார். அவர் ஐம்பது வருடமாக வாத்து சுடுகிறவராம். பழைய பெட்டிகளைத் திறந்து, போன வருட முட்டை ஓட்டுச் சவ்வுகளை ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதினார்.

சந்தா இன்னும் கட்டவில்லை. 25 டாலர் ஸ்டாம்ப் வாங்கினேன். கையெழுத்துப் போடவில்லை, மகன் ஆல்பத்தில் வைத்துக்கொண்டான். துப்பாக்கிப் பயிற்சி வகுப்பு பற்றி அவன் கேட்டான். அடுத்த வருடம் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மனைவியும் வந்திருந்தார். பெட்டிக்கு மரச்சீவல் அள்ளிப் போட்டது அவர்தான். "எங்க பெட்டியில பொரிக்கறத யாரும் சுடக்கூடாதுன்னு எழுதி ஒட்ட முடியுமா?" என்று அந்தப் பெரியவரிடமே கேட்டுவிட்டார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

#23 · தேன்மொழி_ஜே · சனி, இரவு 8:31

பெரியவர் என்ன சொன்னார்?!

#24 · ஏரிக்கரை_சேகர் · சனி, இரவு 8:40

வாத்துக்குப் படிக்கத் தெரிந்தால் ஒட்டலாம், அது இலையுதிர் காலத்தில் இங்கேயே இருந்துகொள்ளும் என்றார். எங்கள் பெட்டி எண் 14.

#25 · அரைவேக்காடு · சனி, இரவு 8:44

குஞ்சு குதிக்கும்போது வீடியோ போடுங்கள். இது எனக்காகவே கேட்கிறேன்.